ஒரே மீத்தேன், இரண்டு படங்கள்: உள்ளடங்கிய ஆர்பிட்டால்களும் வேதிப்பிணைப்பும்

மீத்தேனை வரையச் சொன்னால் வேதியியல் படித்த யாரும் யோசிக்கவே மாட்டார்கள். நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன், இடையே நான்கு கோடு. ஒரு கோட்டுக்கு இரண்டு எலக்ட்ரான். நான்கு கோடுகளும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எந்த இரண்டை எடுத்தாலும் நடுவில் 109.5 பாகைக் கோணம். கரிம வேதியியல் முழுவதும் இந்தப் படத்தை நம்பித்தான் நடக்கிறது.

இப்போது அதே மீத்தேன் வாயுவின் மேல் ஆற்றல் மிகுந்த ஒளியைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகத்தில் வருகின்றன என்று அளந்து பாருங்கள். பாய்ச்சிய ஒளியின் ஆற்றலிலிருந்து எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கழித்தால், அதை மூலக்கூறிலிருந்து பிடுங்க எவ்வளவு செலவானது என்று தெரிந்துவிடும். நான்கு பிணைப்பும் ஒன்றுபோல என்றால் ஒரே ஒரு விடைதானே வர வேண்டும்? வருவதோ இரண்டு. ஒரு பட்டை 14 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) பக்கத்தில், இன்னொன்று 23 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில். ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் ஹீலியம் விளக்கு 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியைத்தான் தரும். அதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது பட்டை கண்ணிலேயே படாது. இன்னும் ஆற்றல் கூடிய ஒளியோ எக்ஸ் கதிரோ வேண்டும். ஆனால் பட்டை இருப்பதில் சந்தேகமே இல்லை. இடைவெளி 9 எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க ஆகும் ஆற்றலைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருவியின் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

இந்த நிறமாலையை முதலில் பார்க்கும் மாணவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வருவதை நான் கவனித்திருக்கிறேன். ஒன்று, நான்கு கோட்டுப் படம் பொய், அது பள்ளிக்கூடத்துக்காகச் சொல்லிவைத்த கதை என்பது. இன்னொன்று, மூலக்கூறு ஆர்பிட்டால் (எலக்ட்ரான் மூலக்கூறு முழுவதும் பரவியிருப்பதாகக் காட்டும் கணித உருவம்) என்பதெல்லாம் வெறும் கணக்கு, நிஜமான பிணைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது. இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதை எண்களை வைத்தே காட்டிவிடலாம், அதுவும் கூட்டல் கழித்தல் அளவிலேயே. இதைச் சொல்லித் தராமல் விடுவதால்தான் பிணைப்பு பற்றிய பல குழப்பங்கள் கல்லூரி தாண்டியும் நீடிக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் கதை கொஞ்சம். 1916-இல் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு என்றார். குவாண்டம் இயக்கவியல் அப்போது பிறக்கவே இல்லை. ஏன் ஜோடி, ஏன் பகிர்ந்தால் ஆற்றல் குறைகிறது என்பதற்கு அவரிடம் விடை கிடையாது. ஆனாலும் வேதியியல் தரவுகளைப் பார்த்தே சரியான இடத்துக்கு வந்துவிட்டார். 1927-இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறை அலைச்சார்பு (எலக்ட்ரான் எங்கே எவ்வளவு இருக்கக்கூடும் என்று சொல்லும் கணிதச் சார்பு) கொண்டு விளக்கினார்கள். லைனஸ் பாலிங் 1931-இல் இனக்கலப்பை, அதாவது ஓர் அணுவின் ஆர்பிட்டால்களைக் கலந்து பிணைப்புத் திசைகளை நோக்கியவையாக மாற்றும் முறையை, கொண்டுவந்து, லூயிஸின் கோடுகளுக்குக் குவாண்டம் உடை போட்டுவிட்டார். அதே காலத்தில் ஹுண்டும் முல்லிக்கனும் வேறு பாதையில் போனார்கள். எலக்ட்ரான் எந்தப் பிணைப்புக்கும் சொந்தமில்லை, மூலக்கூறு முழுவதுக்கும் சொந்தம் என்பது அவர்கள் பார்வை. ‘ஆர்பிட்டால்’ என்ற சொல்லையே 1932-இல் முல்லிக்கன்தான் உருவாக்கினார். ஓர் எலக்ட்ரானின் அலைச்சார்பு என்று மட்டும் அதற்குப் பொருள் கொண்டால் போதும்.

கணினியில் மீத்தேனுக்கு மூலக்கூறு ஆர்பிட்டால்களைக் கணக்கிட்டால் வருவது முல்லிக்கனின் படம்தான். எட்டு இணைதிறன் எலக்ட்ரான் (பிணைப்பில் பங்கேற்கும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்), நான்கு ஆர்பிட்டால். அவற்றில் ஒன்று மூலக்கூறு முழுவதையும் ஒரு பந்துபோலப் போர்த்தியிருக்கும். கார்பனின் 2எஸ் என்ற பந்து வடிவ ஆர்பிட்டால் அதன் மையம். மற்ற மூன்றும் கார்பனின் மூன்று 2பி ஆர்பிட்டால்களை மையமாகக் கொண்டு, ஒரு பக்கம் நேர்க்குறியும் மறு பக்கம் எதிர்க்குறியுமாக விரிந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே ஆற்றல். ஆழத்தில் ஒன்று, மேலே மூன்று: நிறமாலையின் இரண்டு பட்டைகளும் இவைதான். இந்த நான்கில் எதை எடுத்துப் பார்த்தாலும் ‘இதோ ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு’ என்று சுட்டிக்காட்ட முடியாது. எல்லாமே பரவிக் கிடக்கின்றன.

சரி, கோடுகள் எங்கே போயின?

எங்கேயும் போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள எலக்ட்ரான்களின் ஒரு குணத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு எலக்ட்ரான்களை இடம் மாற்றினால் மொத்த அலைச்சார்பின் குறி மாற வேண்டும். பவுலி விதியின் வேர் அதுதான். இந்தக் குணத்தைத் தானாகவே கொண்டிருக்கும் கணித உருவம் அணிக்கோவை. ஜான் ஸ்லேட்டர் 1929-இல் இதைப் பயன்படுத்தினார். ஒரு வரிசைக்கு ஓர் எலக்ட்ரான், ஒரு நிரலுக்கு ஓர் ஆர்பிட்டால் என்று எழுதி விரித்தால் மொத்த அலைச்சார்பு கிடைக்கும்.

சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரே சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான், இரண்டு ஆர்பிட்டால். ஏதோ ஒரு கணத்தில், எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்களில் ஆர்பிட்டால்களின் மதிப்பு முதல் வரிசையில் 3, 1 என்றும் இரண்டாம் வரிசையில் 2, 4 என்றும் வைத்துக்கொள்வோம். அணிக்கோவையின் மதிப்பு 3×4 கழித்தல் 1×2, அதாவது 10. இப்போது ஆர்பிட்டால்களைக் கலந்துவிடலாம். முதல் புதிய ஆர்பிட்டால் இரண்டின் கூடுதல், அடுத்தது இரண்டின் வித்தியாசம். அளவு மாறாமலிருக்க இரண்டையும் மூல வர்க்கம் 2-ஆல் வகுத்துக்கொள்வோம். முதல் வரிசை 4, 2. இரண்டாம் வரிசை 6, −2. எல்லாம் மூல வர்க்கம் 2-ஆல் வகுத்தது. மதிப்பு? 4×(−2) கழித்தல் 2×6, அதை 2-ஆல் வகுத்தால் −10. குறி மட்டும் மாறியிருக்கிறது. அளக்கக்கூடிய எதிலும் அலைச்சார்பின் இருபடிதான் வரும், ஆகவே அந்தக் குறிக்குப் பொருளே இல்லை. 100 அப்போதும் 100, இப்போதும் 100.

விஷயம் இவ்வளவுதான், ஆனால் இதன் பலன் பெரிது. நிரம்பிய ஆர்பிட்டால்களை ஒன்றோடொன்று, செங்குத்துத் தன்மை (ஒன்றின் பங்கு மற்றொன்றில் கலவாத தன்மை) கெடாமல், எப்படி வேண்டுமானாலும் கலக்கலாம். மொத்த ஆற்றல் மாறாது. எலக்ட்ரான் அடர்த்தி மாறாது. இருமுனைத் திருப்புத்திறன் (நேர், எதிர் மின்சுமைகள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) மாறாது. ஆர்பிட்டால்களின் வடிவம் மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பரவிய ஆர்பிட்டால்கள் அந்த எண்ணற்ற கலவைகளில் ஒன்று மட்டுமே.

மீத்தேனுக்கு வருவோம். பந்துபோன்ற ஆர்பிட்டாலை ‘எஸ்’ என்றும், மற்ற மூன்றையும் ‘எக்ஸ்’, ‘ஒய்’, ‘இசட்’ என்றும் அழைப்போம். நான்கையும் கூட்டி இரண்டால் வகுங்கள். ஒரு திசையில் எல்லாம் ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்றத் திசைகளில் அடித்துக்கொண்டு மறையும். மிஞ்சுவது ஒரே ஒரு ஹைட்ரஜனை நோக்கி நீளும் ஓர் ஆர்பிட்டால். அடுத்து எஸ், எக்ஸ் இரண்டையும் அப்படியே வைத்து, ஒய், இசட் இரண்டின் குறியையும் மாற்றிக் கூட்டுங்கள், இன்னொரு ஹைட்ரஜன். இப்படியே ஒய் மட்டும் நேர்க்குறி, இசட் மட்டும் நேர்க்குறி என்று வைத்தால் மற்ற இரண்டும் வந்துவிடும். நான்கு கலவை, நான்கு மூலை, நான்முகி. இவைதான் உள்ளடங்கிய ஆர்பிட்டால்கள்: ஒவ்வொன்றும் ஒரு பிணைப்புக்குள் அடங்கியவை, நான்கும் ஒன்றுபோன்றவை. லூயிஸின் நான்கு கோடுகள் முல்லிக்கனின் அலைச்சார்புக்குள்ளேயே இருந்திருக்கின்றன. இந்த வழியை 1949-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் லெனார்ட்-ஜோன்சும் அவருடைய மாணவர்கள் ஜான் போப்பிள், ஜார்ஜ் ஹால் ஆகியோரும் ஒழுங்காக வளர்த்தெடுத்தார்கள்.

அப்படியானால் நிறமாலையில் ஏன் இரண்டு பட்டை? நான்கும் ஒன்றுபோலத்தானே என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். கலந்தபோது ஒவ்வோர் உள்ளடங்கிய ஆர்பிட்டாலிலும் ஆழமான ஆர்பிட்டாலின் பங்கு கால், மேலே உள்ள மூன்றின் பங்கு முக்கால். ஆகவே ஒவ்வொன்றின் ஆற்றலும் 23-இல் கால் பங்கும் 14-இல் முக்கால் பங்கும் சேர்ந்தது: 16.25 எலக்ட்ரான் வோல்ட். நான்குக்கும் அதே மதிப்பு. ஆனால் நிறமாலையில் 16.25-இல் எதுவும் இல்லை! காரணம், ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கியதும் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் ஒரு பிணைப்பில் ஒடுங்கி உட்கார்ந்திருக்காது. பக்கத்துப் பிணைப்புக்குத் தாவும். தாவும் வலிமையை 2.25 எலக்ட்ரான் வோல்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பிணைப்பும் ஒரே குறியோடு சேரும் நிலையில், ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒத்துழைக்கும் துணை மூன்று: 16.25 கூட்டல் 3×2.25 என்றால் 23. இரண்டு நேர்க்குறி, இரண்டு எதிர்க்குறி என்று சேரும் நிலையில் ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒத்துழைக்கும் துணை ஒன்று, எதிர்க்கும் துணை இரண்டு. மிஞ்சுவது எதிர்ப்பு ஒன்று. 16.25 கழித்தல் 2.25 என்றால் 14. இப்படிச் சேர மூன்று வழி உண்டு, அதனால்தான் மேலே மூன்று.

நான்கு சமமான பிணைப்புகளிலிருந்து தொடங்கியே இரண்டு பட்டைகளையும் வாங்கிவிட்டோம். இரண்டு படங்களுக்கும் சண்டையே இல்லை. எட்டு எலக்ட்ரான்களும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்று கேட்டால் எந்தப் படத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் எலக்ட்ரானை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் பரவிய படம் நேராகப் பதில் சொல்லும். 1934-இல் கூப்மன்ஸ் நிறுவிய தேற்றம் அதைத்தான் சொல்கிறது: பரவிய ஆர்பிட்டாலின் ஆற்றலை எதிர்க்குறியோடு எடுத்தால் அதுவே ஏறத்தாழ அயனியாக்கும் ஆற்றல். (அதே டியாலிங் கூப்மன்ஸ்தான் பின்னாளில் பொருளாதாரத்துக்குப் போய் 1975-இல் நோபல் பரிசு வாங்கினார்.)

இனக்கலப்பைப் பாடநூல்கள் சொல்லித் தரும் விதத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘முதலில் ஒரு 2எஸ் எலக்ட்ரான் மேலே தாவுகிறது, பிறகு நான்கு ஆர்பிட்டால்களும் கலக்கின்றன, அப்புறம் ஹைட்ரஜனோடு சேர்கின்றன’ என்று நேர வரிசையில் நடக்கும் சம்பவம்போல எழுதுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. மீத்தேன் நான்முகியாக இருப்பதற்கு எஸ்பி3 (ஓர் எஸ், மூன்று பி சேர்ந்த இனக்கலப்பு) காரணமும் இல்லை. மூலக்கூறு நான்முகியாக இருப்பதால் அந்த எலக்ட்ரான்களை உள்ளடங்கிய துண்டுகளாகப் பிரித்தால் கார்பன் பக்கத்தில் எஸ்பி3 மாதிரி தெரிகிறது. இனக்கலப்பு விளைவை விவரிக்கும் மொழி. அந்த அளவில் அது மிக நல்ல மொழி, அதை ஒழிக்கச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

மீத்தேனில் சமச்சீர்மையே எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சமச்சீர்மை இல்லாத மூலக்கூறில் என்ன செய்வது? எண்ணற்ற கலவைகளில் எதை எடுப்பது? ஒரு விதி வேண்டும், அந்த விதியைத் தேர்ந்தெடுப்பவர் நாம்தான். பாய்ஸ் 1960-இல் சொன்ன விதி: ஒவ்வோர் ஆர்பிட்டாலும் இடத்தில் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கட்டும். இதையே ஆர்பிட்டால்களின் மையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று முடிந்தவரை விலகி இருக்கட்டும் என்றும் சொல்லலாம். கணக்கில் இரண்டும் ஒன்றே. 1963-இல் எட்மிஸ்டனும் ருடன்பெர்க்கும் இடத்தை விட்டுவிட்டு ஆற்றலைப் பிடித்தார்கள்: ஓர் ஆர்பிட்டாலுக்குள் இருக்கும் மின்சுமை தன்னைத்தானே விலக்கும் ஆற்றல் அதிகபட்சம் ஆகட்டும் என்பது அவர்கள் விதி. மொத்த விலக்கம் மாறாது என்பதால், தனக்குள் விலக்கம் கூடக்கூட ஆர்பிட்டால்களுக்கு இடையிலான விலக்கம் குறைந்துவிடும். 1989-இல் பிபெக்கும் மெசேயும் மூன்றாவது வழி காட்டினார்கள்: ஒவ்வோர் ஆர்பிட்டாலும் முடிந்தவரை குறைந்த எண்ணிக்கையிலான அணுக்கள்மேல் உட்காரட்டும்.

பெரும்பாலான மூலக்கூறுகளில் மூன்று விதிகளும் ஏறக்குறைய ஒரே படத்தைத் தரும். ஆனால் எத்திலீனில் பிரிந்துவிடுகின்றன, அது கவனிக்க வேண்டிய இடம். கார்பன்களுக்கு நடுவே இரண்டு ஜோடி எலக்ட்ரான். பாய்ஸ் விதியும் எட்மிஸ்டன்–ருடன்பெர்க் விதியும் மூலக்கூறின் தளத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வளைந்த இரண்டு சமமான பிணைப்புகளைத் தரும். வடிவத்தைப் பார்த்து வாழைப்பழப் பிணைப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிபெக்–மெசே விதியோ பாடநூலில் உள்ள சிக்மா (அணுக்களை இணைக்கும் அச்சின் மேலேயே உள்ள பிணைப்பு), பை (அந்த அச்சுக்கு இரு பக்கமும் உள்ள பிணைப்பு) இரண்டையும் தனித்தனியே எடுத்துக் கொடுக்கும். எது சரி? சிக்மாவையும் பையையும் கூட்டிக் கழித்தால் வாழைப்பழங்கள், வாழைப்பழங்களைக் கூட்டிக் கழித்தால் சிக்மாவும் பையும். அடர்த்தி ஒன்றே, ஆற்றல் ஒன்றே. எத்திலீன் ஏன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது, பிணைப்பைச் சுற்றி ஏன் எளிதில் சுழல முடிவதில்லை என்று கேட்பவருக்குச் சிக்மா–பை வசதி. இரட்டைப் பிணைப்பை இரண்டு வளைந்த கம்பிகளாக நினைத்து மூலக்கூறின் வடிவத்தை யோசிப்பவருக்கு வாழைப்பழம் வசதி.

நீரின் தனித்த இரட்டைகள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) பற்றிய நெடுநாள் சர்ச்சையும் இதே வகைதான். ஆக்சிஜன் மேல் முயல் காதுபோல இரண்டு சமமான தனித்த இரட்டைகளை வரைவது தவறு, ஏனென்றால் நீரின் நிறமாலையில் 12.6, 14.7, 18.5, 32 எலக்ட்ரான் வோல்ட் என நான்கு வெவ்வேறு மதிப்புகள் வருகின்றன என்பார்கள். மீத்தேன் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று உடனே தெரியும். அயனியாக்கும் ஆற்றல்கள் வேறுபடுவதால் முயல் காதுகள் பொய்யாகிவிடாது. அவை தவறான கேள்விக்குப் பதிலாக வைக்கப்பட்டுவிட்டன, அவ்வளவே.

விதியை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்றால் எல்லாம் நம் கற்பனைதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எரியும் வாயுக்களில் இருக்கிறது. ஒரு மோல் மீத்தேனை எரித்தால் 890 கிலோஜூல் வெப்பம், ஈத்தேனுக்கு 1560, புரொப்பேனுக்கு 2220, பியூட்டேனுக்கு 2878. வித்தியாசங்களைப் பாருங்கள்: 670, 660, 658. சங்கிலியில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பம் கூடுகிறது. அகச்சிவப்பு நிறமாலையிலும் அப்படித்தான்: எந்த ஆல்கேனை எடுத்தாலும் கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி 2850-இலிருந்து 3000 வரையிலான அலை எண்களுக்குள் வந்து நிற்கும். பிணைப்பு என்பது ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லக்கூடிய பொருள்போல நடந்துகொள்கிறது. பரவிய ஆர்பிட்டால்களை மட்டும் பார்த்தால் இதை ஊகிக்கவே முடியாது. பியூட்டேனுடையவை வேறு, பென்டேனுடையவை வேறு. ஒரு கார்பன் கூடியதும் எல்லாமே மாறிவிடும். உள்ளடங்கியவற்றைப் பாருங்கள்: ஈத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் ஆர்பிட்டாலும் பென்டேனின் கார்பன்–ஹைட்ரஜன் ஆர்பிட்டாலும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும், மெல்லிய வால் பகுதியில் மட்டும் சிறு வேறுபாடு. பாய்ஸ் தன் 1960 கட்டுரைக்குத் தலைப்பு வைத்ததே ‘ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஏறத்தாழ மாறாத ஆர்பிட்டால்கள்’ என்ற பொருளில்தான். சுருக்குவது அவருக்குக் கருவி. எடுத்துச் செல்லும் தன்மைதான் இலக்கு.

இன்னொரு சோதனையும் உண்டு. நாம் எதிர்பார்ப்பதை மட்டுமே இந்த முறைகள் திருப்பித் தந்தால் அவற்றுக்கு மதிப்பில்லை. டைபோரேனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு போரான், ஆறு ஹைட்ரஜன். ஈத்தேன்போல ஏழு கோடு போட வேண்டுமானால் 14 எலக்ட்ரான் தேவை, இருப்பதோ 12. இந்த மூலக்கூறு லூயிஸின் கோடுகளுக்கு அடங்கவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலை மாணவராக இருந்த லாங்கெட்-ஹிக்கின்ஸ், தன் ஆசிரியர் பெல்லோடு சேர்ந்து 1943-இல் பால அமைப்பை விளக்கினார்: இரண்டு ஹைட்ரஜன்கள் இரண்டு போரான்களுக்கும் நடுவே பாலமாக நிற்கின்றன. இன்று டைபோரேனின் பரவிய ஆர்பிட்டால்களைக் கணினியிடம் கொடுத்து உள்ளடக்கச் சொன்னால், ஓரங்களில் நான்கு சாதாரண போரான்–ஹைட்ரஜன் பிணைப்புகளும், நடுவே போரான்–ஹைட்ரஜன்–போரான் என்று மூன்று அணுக்கள்மேல் பரவிய இரண்டு பிணைப்புகளும் வரும். மூன்று அணுப் பிணைப்பு என்று ஒன்று இருக்கிறதெனக் கணினி நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு அணுக்களுக்குள் அடக்க முயன்று, முடியாமல், மூன்றில் வந்து நின்றது. வில்லியம் லிப்ஸ்கம்ப் இந்த முறைகளை இன்னும் சிக்கலான போரேன்களிலும் (போரான்–ஹைட்ரஜன் சேர்மங்களிலும்) பயன்படுத்தினார். போரேன்களின் அமைப்பு பற்றிய ஆய்வுக்காக 1976-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

பென்சீன் இதைவிட நேர்மையான பாடம். ஆறு பை எலக்ட்ரான், மூன்று ஆர்பிட்டால், ஆறு சமமான கார்பன்–கார்பன் இடைவெளிகள். மூன்றை ஆறில் எப்படிப் பங்கிடுவது? நிரல் ஏதோ ஓர் ஓரத்தில் தொடங்கி ஒரு கெக்குலே அமைப்பை (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி வரும் வளையத்தை) தரும். வேறொரு தொடக்கத்தில் அதன் ஜோடியைத் தரும். இரண்டுமே விதிப்படி சமமான மதிப்பெண் பெறும். எதிலுமே ஆர்பிட்டால் இரண்டு கார்பன்களோடு நிற்காது, பக்கத்துக் கார்பன்கள்மேல் கணிசமாக வழியும். அந்த வழிதலுக்கு வேதியியலில் ஓர் அளவு உண்டு. சைக்ளோஹெக்சீனுக்கு ஹைட்ரஜனேற்றம் செய்தால் 120 கிலோஜூல் வெளிவரும். மூன்று இரட்டைப் பிணைப்புக்கு 360 எதிர்பார்க்கிறோம். பென்சீன் தருவது 208. மிச்சம் 152 கிலோஜூல், ‘என்னை மூன்று துண்டாக வெட்டாதே’ என்று மூலக்கூறு சொல்வதுபோல. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று காட்டுவதாலேயே உள்ளடக்கும் முறைகள்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. உலோகங்களில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே நிரம்பிய நிலைகளுக்கும் காலி நிலைகளுக்கும் இடைவெளியே இல்லாததால், நிரம்பியவற்றை மட்டும் கலந்து நன்றாகச் சுருங்கிய ஆர்பிட்டால்களைச் செய்யவே முடியாது.

பிபெக்–மெசே முறையில் ஒரு குறை இருந்தது. எந்த எலக்ட்ரான் எந்த அணுவுக்கு என்று பிரிக்க அது முல்லிக்கனின் பழைய பங்கீட்டைப் பயன்படுத்தியது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைச் சார்புகளை மாற்றினால் பங்கீடும் ஆடிவிடும். 2013-இல் கெரால்ட் நிசியா இதைச் சரிசெய்தார். மூலக்கூறுக்குள் இருக்கும் அணுக்களுக்குப் பொருத்தமான குறைந்தபட்ச ஆர்பிட்டால்களை முதலில் கணக்கிட்டு, அவற்றின்மேல் பங்கிட்டார். அப்புறம் 2015-இல் நிசியாவும் கிளைனும் செய்த வேலை, கரிம வேதியியலாளர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. வினை நடக்கும் பாதை முழுவதும், ஒவ்வொரு படியிலும் உள்ளடங்கிய ஆர்பிட்டால்களைக் கணக்கிட்டு, எந்த ஜோடி எங்கே நகர்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். நகரும் ஜோடிகள், நாம் 1920-களிலிருந்து தாளில் போட்டுவரும் வளைந்த அம்புகளோடு ஒத்துப்போயின. மற்ற ஜோடிகள் இருந்த இடத்திலேயே ஏறக்குறைய அசையாமல் நின்றன. வகுப்பில் மனப்பாடமாகப் போட்ட அம்புக்கு நேரான பொருள் அலைச்சார்பிலேயே கிடைத்துவிட்டது.

கணக்கீட்டுக்கும் இது பெரிய உதவி. மூலக்கூறு ஆற்றலைத் துல்லியமாகத் தரும் முறைகளில் மிகவும் நம்பப்படுவது இணைந்த கொத்து முறை. அதில் மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிதானால் வேலை இரண்டின் ஏழாம் அடுக்கு, அதாவது 128 மடங்கு கூடும். காரணம், பரவிய ஆர்பிட்டால்களில் எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடப்பதுதான். ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்க்கும் விளைவு தூரத்தின் ஆறாம் அடுக்கில் தேய்ந்து போகிறது. மூலக்கூறின் ஒரு மூலையில் உள்ள பிணைப்பு எதிர் மூலையில் உள்ளதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. உள்ளடங்கிய ஆர்பிட்டால்களில் எழுதினால் தொலைவில் உள்ள ஜோடிகளை விட்டுவிடலாம். பீட்டர் புலாய் 1983-இல் இந்த யோசனையை முன்வைத்தார். அது முதிர்ந்து, 2013-இல் ஃபிராங்க் நேசேயின் குழு 644 அணுக்கள் கொண்ட கிராம்பின் என்ற புரதம் முழுவதையும் அந்த முறையில் கணக்கிட்டுக் காட்டியது.

படிகங்களிலும் திரவங்களிலும் இதே கருத்துக்கு வேறு பெயர். கிரெகரி வானியர் 1937-இல் படிகம் முழுவதும் பரவும் அலைகளைக் கூட்டி, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வோர் அலகுக் கூட்டுக்குள்ளும் அடங்கும் சார்புகளைச் செய்தார். 1997-இல் மர்சாரியும் வாண்டர்பில்ட்டும் அவற்றை முடிந்தவரை சுருங்கியவையாகத் தேர்ந்தெடுக்க வழி சொன்னார்கள். பாய்ஸ் விதிதான், படிகத்துக்கு ஏற்ற உருவில்.

இதை வைத்துத் திரவ நீரைப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. வாயு நிலையில் தனியாக இருக்கும் ஒரு நீர் மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் 1.85 டிபை (அதை அளக்கும் அலகு). திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எலக்ட்ரான் மேகம் எங்கே ஒரு மூலக்கூறில் முடிந்து அடுத்ததில் தொடங்குகிறது என்று எல்லை போட முடியாது. சில்வெஸ்த்ரெல்லியும் பாரினெல்லோவும் 1999-இல் வானியர் சார்புகளின் மையங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆக்சிஜனைச் சுற்றியும் தெளிவாக நான்கு புள்ளி: இரண்டு ஹைட்ரஜன்களை நோக்கியும், இரண்டு மறு பக்கத்திலும். புள்ளிக்கு இரண்டு எலக்ட்ரான் என்று வைத்துக் கூட்டினால் திரவத்தில் ஒரு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 3 டிபை வருகிறது. அண்டை மூலக்கூறுகள் எலக்ட்ரான்களை எவ்வளவு இழுக்கின்றன என்பதற்கு அந்த ஓர் எண் போதும்.

இப்படிப்பட்ட உருவகப்படுத்தலில், அமிலம் கலந்த நீரில் ஒரு புரோட்டான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவும் கணத்தைத் திரையில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். புரோட்டான் நெருங்க நெருங்க, அதுவரை தனித்த இரட்டையாக ஆக்சிஜன் அருகே நின்ற ஒரு புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக அதை நோக்கி நகரும், நகர்ந்து பிணைப்புப் புள்ளி ஆகிவிடும். அதே நேரத்தில் விட்டு வந்த பக்கத்தில் பிணைப்பாக இருந்த புள்ளி பின்வாங்கித் தன் ஆக்சிஜனோடு ஒட்டி, தனித்த இரட்டையாகி நிற்கும்.